பச்சை பட்டன், சிவப்பு பட்டன்: கரண்ட் திரும்பி வந்தும் மெஷின் ஏன் தானா ஓடாது?

இன்னிக்கு எபிசோட் ஒரு பட்டனைப் பத்தி. திருப்பூர் பக்கம் இருந்துக்கிட்டு பட்டன்னு சொன்னா, எல்லாருக்கும் முதல்ல காஜா பட்டன்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்றது அது இல்ல. விரலால அமுக்கினா மோட்டார் ஓடுற பட்டன். புஷ் பட்டன் சுவிட்ச்.

ரெண்டுக்கும் ஒரே பேர் வந்ததும் சும்மா இல்ல. 'பட்டன்' பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல். அங்க அதுக்கு மொட்டுன்னு அர்த்தம். மொட்டு செடியில இருந்து வெளியே தள்ளிக்கிட்டு வர்றதால அந்தப் பேர். அதாவது சொல்லோட வேரே 'தள்ளு'ங்கறதுதான். நம்ம 'பொத்தான்' போர்ச்சுகீசியக்காரங்க கப்பல்ல வந்தது, அதுக்கும் இதே வேர்தான். சட்டையில தைக்கிற சாமான் பேர்ல 'தள்ளு' ஒளிஞ்சிருந்தது, அப்புறம் தள்ளுற சாமானுக்கே அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

காங்கேயம் ரோட்டுல நல்லூர் பக்கம் எந்த நிட்டிங் கம்பெனிக்குள்ள போனாலும் செவுத்துல ஒரு சாம்பல் நிற டப்பா இருக்கும். அதுல ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். அதே டப்பாவை அப்படியே ஊருக்கு வெளிய, தென்னந்தோப்புக் கிணத்து மோட்டார் ரூம்லயும் பார்க்கலாம். ஸ்டார்ட்டர்னு சொல்வோம். பச்சையை அமுக்கினா 'டக்'னு ஒரு சத்தம், மோட்டார் ஓடும். சிவப்பை அமுக்கினா நிக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பச்சையை அமுக்கிட்டு விரலை எடுத்தா பட்டன் ஸ்பிரிங்ல திரும்பி வெளிய வந்துடும். ஆனா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. வீட்டு ஃபேன் சுவிட்ச் அப்படி இல்ல, கீழ தட்டினா கீழயே நிக்கும். இன்னொண்ணு. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போகுது. பத்து நிமிஷம் கழிச்சு கரண்ட் வருது. லைட் எரியுது, ஃபேன் சுத்துது. மெஷின் மட்டும் ஓடாது. யாராவது போய்ப் பச்சையை மறுபடி அமுக்கணும்.

சின்ன வயசுல இது எனக்குப் பெரிய குறையா தெரிஞ்சது. அந்த டப்பாவைத் திறந்து காட்டினவர் ஒரு ஃபிட்டர். "ஏனுங்க அண்ணா, கரண்ட் வந்துருச்சே, மெஷின் ஓடலியே?"ன்னு கேட்டதுக்கு, "அது ஓடக் கூடாது கண்ணு, அதுக்குத்தான் அந்த டப்பாவே"ன்னார். இன்னிக்கு நான் சொல்லப் போறது கிட்டத்தட்ட அந்த ஒரு வரியோட விளக்கம்தான். ஆனா அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

மோட்டார் வர்றதுக்கு முன்னாடி மில் எப்படி ஓடுச்சு? கோயம்புத்தூர்ல 1880-களின் கடைசியில் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்தை எடுத்துக்குங்க. அப்பல்லாம் மில்லுக்கு ஒரே ஒரு நீராவி எஞ்சின். அது ஒரு நீளமான இரும்பு ஷாஃப்டைச் சுத்தும். ஷாஃப்ட் கூரைக்குக் கீழ ஹால் முழுக்க ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். ஒரு மெஷினை நிறுத்தணும்னா, பெல்ட்டை ஒரு கவைக்கோல் மாதிரி சாமானால தள்ளி, பக்கத்துல சும்மா சுத்துற இன்னொரு கப்பிக்கு மாத்தணும். ஷாஃப்ட் நிக்காது. பெல்ட்டுல ஒருத்தர் வேட்டி சிக்கினா, கை மாட்டினா, மொத்தத்தையும் நிறுத்துற அதிகாரம் எஞ்சின் ரூம்ல இருக்கிறவர்கிட்ட. அவர் இருக்கறது வேற கட்டடத்துல. அந்த மெஷின் சத்தத்துல கத்தினா கேக்குமா?

பட்டன் தொழிற்சாலைக்குள்ள வந்த முக்கியமான வழி இதுதான். அதுக்கு முன்னாடி அது பணக்கார வீடுகள்லயும் ஹோட்டல்லயும் வேலைக்காரங்களைக் கூப்பிடுற மணிக்கான பட்டன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து, அமெரிக்கா மில்கள்ல அதே பட்டனை ஹால் சுவர்ல வைச்சாங்க. அமுக்கினா, கம்பி வழியா கரண்ட் எஞ்சின் ரூமுக்குப் போய், நீராவி வால்வை மூடிடும். எஞ்சின்காரரைக் கேக்க வேண்டியதில்ல. ஹால்ல நிக்கிற தொழிலாளி, வேற யாரோ கட்டுப்படுத்துற எஞ்சினைத் தன் விரலால நிறுத்தலாம். பட்டனோட வரலாறுன்னா லிஃப்ட்டு, கேமரா, காலிங் பெல்லுனுதான் பேசுவாங்க. எனக்கென்னவோ இந்த மில் பட்டன்தான் பெரிய திருப்பம்னு தோணுது.

நம்ம ஊருக்கு வருவோம். நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கின அந்தக் கரண்ட்தான் கோயம்புத்தூர் மில்களை மாத்தினது, 1930-கள்ல புது மில்கள் வரிசையா வந்தது இதனாலதான். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடுவோட சேர்ந்து இந்தியாவோட முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செஞ்சார்னு கோவைக்காரங்க இன்னிக்கும் பெருமையா சொல்வாங்க. மோட்டார் வந்ததும் கூரை ஷாஃப்ட் மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஸ்டார்ட்டர். கிணத்துக்கும் அதே கதைதான். ஏத்தம், கமலை போய், பம்ப்செட் வந்தது. 1938-ல் ரெண்டு டேனிஷ்காரங்க பம்பாய்ல ஆரம்பிச்ச எல் அண்ட் டி பின்னாடி இந்த ஸ்டார்ட்டர்களைச் செஞ்சு வித்தப்போ, விவசாயி வீட்டுக்கே அது தெரிஞ்ச பேர் ஆயிடுச்சு. திருப்பூர்ல 1920-கள்ல தொடங்கின பனியன் தொழிலும், சுத்தியிருந்த தோட்டங்களும் ஒரே டப்பாவைத்தான் பயன்படுத்தினது. பல கம்பெனிகள்ல மெஷின் பழுது பாக்குறவர், ஊர்ல மோட்டார் பழுது பாத்துக் கத்துக்கிட்டவரா இருப்பார்.

இப்ப அந்த டப்பாவைத் திறப்போம்.

பச்சை பட்டனுக்குப் பின்னாடி ரெண்டு உலோகப் புள்ளி இருக்கு, ஒண்ணுக்கொண்ணு தொடாம. பட்டனை அமுக்கினா ஒரு சின்னப் பாலம் கீழ இறங்கி ரெண்டையும் தொட வைக்கும். விரலை எடுத்தா ஸ்பிரிங் அதைத் தூக்கிடும். அவ்வளவுதான் பட்டன். சிவப்புக்குள்ள இதுக்கு நேர் எதிர்: புள்ளிகள் எப்பவும் தொட்டுக்கிட்டே இருக்கும், அமுக்கினா மட்டும் பிரியும்.

மோட்டாருக்குப் போற 415 வோல்ட் மூணு ஃபேஸ் கரண்ட் இந்தப் பட்டன் வழியா போகவே போகாது. போனா, பிரியும்போது வர்ற தீப்பொறியில பட்டன் கருகிடும். பச்சை பட்டன் செய்யறது ஒரு காயிலுக்குக் கரண்ட் கொடுக்கறது மட்டும். நம்ம எலக்ட்ரீஷியன்கள் அதை நோ வோல்ட் காயில்னு சொல்வாங்க. காயிலுக்குக் கரண்ட் போனா அது காந்தமாகும். காந்தம் ஒரு இரும்புக் கட்டையை இழுக்கும். அந்தக் கட்டையோட சேர்ந்து மூணு பெரிய காண்டாக்ட் மூடும். மோட்டார் ஓடும். 'டக்'னு கேட்ட சத்தம் அந்தக் கட்டை போய் ஒட்டின சத்தம்.

அந்தக் கட்டையோடவே நாலாவதா ஒரு குட்டிக் காண்டாக்ட்டும் மூடும். அது பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டுல இணைச்சிருக்கு. பச்சை விட்டுட்டாலும், காயிலுக்கு இந்தக் குட்டி வழியா கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். காயில் தன்னைத் தானே பிடிச்சுக்கிட்டு நிக்குது. பச்சையை யாரோ அமுக்கினாங்கன்னு ஞாபகம் வைச்சுக்கிட்டு இருக்கறது பட்டன் இல்ல, அந்தக் காந்தம்.

காந்தத்துக்கு ஞாபகம் கரண்ட் இருக்கும் வரைக்கும்தான். கரண்ட் போச்சா? காந்தம் போச்சு. ஸ்பிரிங் கட்டையைத் தள்ளிவிடும், நாலு காண்டாக்ட்டும் பிரிஞ்சிடும். இப்ப கரண்ட் திரும்பி வருது. பச்சையும் திறந்திருக்கு, குட்டியும் திறந்திருக்கு. காயிலுக்குப் போக வழியே இல்ல. மெஷின் எல்லாத்தையும் மறந்துடுச்சு. வோல்டேஜ் ரொம்பக் குறைஞ்சாலும் இதேதான். பிடிக்கவும் முடியாம விடவும் முடியாம ஸ்டார்ட்டர் 'டர்ர்ர்'னு அடிக்கும்ல, அந்தச் சத்தம் கிராமத்துல வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

பட்டன் ஒண்ணு, ஞாபகம் வேற இடத்துலங்கறதுக்கு நீங்க எல்லாரும் தொட்ட இன்னொரு உதாரணம் வோட்டு மெஷின். பெங்களூர் பெல் நிறுவனத்துல அந்த மெஷின் உருவானதுல எழுத்தாளர் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982-ல் கேரளாவின் பரவூர்ல முதல்ல சோதிச்சாங்க, 2001 சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாடு முழுக்க வந்துடுச்சு. நீல பட்டனை ஒருத்தர் பத்துத் தடவை அமுக்கினாலும் ஒரு வோட்டுதான். அதிகாரி தன் பக்கத்து பட்டனை அமுக்கி அடுத்த வோட்டுக்கு அனுமதி கொடுக்கற வரை அது செத்த பட்டன். ஆனா அதோட ஞாபகம் ஸ்டார்ட்டருக்கு நேர் எதிர்: பேட்டரியைக் கழட்டினாலும் மறக்கக் கூடாது. எது மறக்கணும், எது மறக்கக் கூடாதுன்னு முடிவு பண்றதுதான் வடிவமைப்பு.

சரி, மெஷின் மறக்கறது ஏன் இவ்வளவு முக்கியம்? நிட்டிங் மெஷின் பக்கத்துல போய் நின்னாதான் புரியும். 30 அங்குல விட்டம், 24 கேஜ் மெஷின்னா அதுல ஏறக்குறைய 2,260 ஊசி வட்டமா நிக்கும். நூல் அறுந்தா சென்சார் மெஷினை நிறுத்திடும், லைட் எரியும். ஆப்பரேட்டர் வந்து நூலை முடிஞ்சு விடுவார். ஊசி உடைஞ்சா இன்னும் கஷ்டம். கேம் பிளேட்டைக் கழட்டி, உடைஞ்ச ஊசி இருக்கற இடம் முன்னாடி வர்ற மாதிரி மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தணும். அதுக்குன்னே இஞ்சிங் பட்டன்னு ஒண்ணு உண்டு. அமுக்கி இருக்கற வரைக்கும் மெல்ல நகரும், விட்டா நிக்கும். அதுக்குக் குட்டிக் காண்டாக்ட் உதவி கிடையாது, வேணும்னே ஞாபகம் இல்லாம வைச்ச பட்டன். இப்ப யோசிச்சுப் பாருங்க. ஃபிட்டர் ரெண்டு விரலை உள்ள விட்டு ஊசியை எடுத்துக்கிட்டு இருக்கார். அது கரண்ட் போன நேரம். எப்படியும் மெஷின் நின்னுதானே இருக்குன்னு வேலையைப் பாக்குறார். அந்த நேரத்துல கரண்ட் திரும்பி வந்து மெஷின் தானா ஓடினா?

திருப்பூர்க்காரங்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்ல. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போன காலம் உங்கள்ல சிலருக்கு ஸ்கூல் ஞாபகமா இருக்கலாம். பனியன் கம்பெனியில அது ஒரு நாள்ல பல தடவை மெஷின் நின்னு ஓடின காலம். ஈபி போச்சு, ஜெனரேட்டர் வந்தது, ஈபி வந்தது, ஜெனரேட்டர் போச்சு. ஒவ்வொரு மாத்தத்துலயும் நோ வோல்ட் காயில் மறந்துக்கிட்டே இருந்தது. அந்தக் காலத்துல எத்தனை விரல் தப்பிச்சதுன்னு எந்தக் கணக்குலயும் வராது. தப்பிச்சதை யாரு எண்ணுவாங்க?

அதே மறதி தோட்டத்துல தொல்லை. விவசாயத்துக்கு மூணு ஃபேஸ் கரண்ட் நடுராத்திரி ரெண்டு மணிக்கு வரும். எழுந்து போய்ப் பச்சையை அமுக்க யாருக்கு முடியும்? அதனால பச்சை பட்டன் உள்ளயே நிக்கற மாதிரி ஒரு குச்சியைச் சொருகி வைச்சுட்டுத் தூங்கப் போவாங்க. அப்புறம் அந்தக் குச்சியோட வேலையைச் செய்யற ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது. கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழிச்சு மோட்டாரை அதுவே போடும். இப்ப மொபைல்ல மிஸ்டு கால் கொடுத்தா ஓடுது. கிணத்துப் பக்கம் ராத்திரி யாரும் இல்லாத வரைக்கும் அது வசதி. ஆனா பம்பைப் பழுது பாக்க ஆள் கிணத்துக்குள்ள இறங்கியிருக்கும்போது அதே வசதி எமன்.

கம்பெனிக்குள்ளயும் மறக்காத மோட்டார்கள் உண்டு. பழைய பவர் டேபிள் தையல் மெஷின்ல, டேபிளுக்குக் கீழ இருக்கற கிளட்ச் மோட்டாருக்கு ரெண்டு பட்டன் டப்பா ஒண்ணு இருக்கும். பார்க்க ஸ்டார்ட்டர் மாதிரியே இருக்கும், ஆனா பலதுல உள்ள காயில் கிடையாது. ஒரு பட்டன் உள்ள போனா கொக்கி போட்டு நிக்கும், இன்னொண்ணை அமுக்கினா கொக்கி விடும். கரண்ட் வந்தா மோட்டார் தானா சுத்தும். கிளட்ச் இருக்கறதால ஊசி ஓடாது, பெடல்ல கால் இல்லாத வரைக்கும். நூல் கோத்துக்கிட்டு இருக்கற அக்கா கால் பெடல்ல இருந்தா, அதை நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க வீட்டு மிக்ஸியும் இந்த ரகம்தான். ஓடும்போது கரண்ட் போச்சுன்னா, திருகை ஆஃபுக்குக் கொண்டு வராம ஜாருக்குள்ள ஸ்பூனை விடாதீங்க.

சட்டம் இதைப் பத்தி என்ன சொல்லுச்சு? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 24-ஆவது பிரிவுல அந்தப் பெல்ட், கப்பி காலம் அப்படியே உறைஞ்சு கிடந்தது. பெல்ட்டைத் தள்ளுற கோல் இருக்கணும்னு முதல்ல வந்தது. அடுத்து, வேலை நடக்கற ஒவ்வொரு அறையிலும், அவசரத்துல மின்சக்தியைத் துண்டிக்கிற சாதனம் இருக்கணும்கறது. ஒவ்வொரு அறையிலும். அந்த வார்த்தைதான் முக்கியம், எஞ்சின் ரூம்ல மட்டும் இருந்தா போதாது. 1976 திருத்தத்துல இன்னொண்ணு சேர்ந்தது: துண்டிச்ச சாதனம் தெரியாம மறுபடி 'ஆன்' ஆகக்கூடிய ரகமா இருந்தா, அதைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேணும். ஸ்டார்ட்டர்ல காயில் தானா செய்யறதை, கிட்டத்தட்ட சட்டம் எழுத்துல கேட்டது.

ஆனா இந்தச் சட்டம் 2025-ல் விலகற வரைக்கும் பொதுவா, கரண்ட்ல ஓடுற இடத்துல பத்துப் பேர் வேலை செஞ்சாத்தான் பொருந்துச்சு. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றின புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு தொழிற்சாலைங்கறதுக்கான அந்த எண்ணை இருபதா உயர்த்தினது. திருப்பூர்ல ஜாப் ஒர்க் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட அர்த்தம் புரியும். ஒரு வீட்டு முன்பக்கம் நாலு ஓவர்லாக், மாடியில ரெண்டு நிட்டிங் மெஷின், மொத்தம் எட்டுப் பேர். அங்க மெஷின் எப்படி நிக்கும்கறது முதலாளியோட மனசாட்சியையும் எலக்ட்ரீஷியனோட பொறுமையையும் பொறுத்தது.

சிவப்பு பட்டனுக்கு உள்ள புள்ளிகள் எப்பவும் தொட்டுக்கிட்டு இருக்கும்னு சொன்னேன். அதுக்குக் காரணம் இருக்கு. அதோட வயர் அறுந்தாலும், திருகு லூஸானாலும், காயிலுக்கு வழி அடைபட்டு மெஷின் நின்னுடும். பட்டன் கெட்டா, நிக்கற பக்கமாத்தான் கெடும். மஞ்சள் பின்னணியில காளான் தலை மாதிரி நிக்கிற பெரிய சிவப்பு பட்டன் இதோட அண்ணன். அது அமுக்கின இடத்துலயே கொக்கி போட்டு நிக்கும், திருகி விட்டாத்தான் வெளிய வரும். உள்ளங்கையால, முழங்கையால, எதால வேணா அடிக்கலாம். புள்ளி உருகி ஒட்டிக்கிட்டாலும் அதைப் பிய்ச்சுப் பிரிக்கிற மாதிரி, அடிக்கிற விசை நேரா காண்டாக்ட்டுக்குப் போற வடிவம். திருகி விட்டாலும் மெஷின் ஓடாது, பச்சையைத் தனியா அமுக்கணும்.

இவ்வளவு நல்ல யோசனையை எப்படிக் கெடுக்கறாங்கன்னு நான் ஒரு கம்பெனியில பார்த்திருக்கேன். பேர் வேண்டாம். சிவப்பு பட்டன் உள்ள பழுதாகி, மெஷின் ஸ்டார்ட்டே ஆகலை. அதாவது அது செய்ய வேண்டியதைச் சரியா செஞ்சது. ஆனா அன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஷிப்மென்ட் ஞாயித்துக்கிழமை. சிவப்புக்குப் போற ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்திட்டாங்க. பச்சை வேலை செஞ்சது. நிறுத்தணும்னா பத்தடி தள்ளி மெயின் சுவிட்ச். நாலு மாசம் கழிச்சு நான் மறுபடி போனப்பவும் அதே டேப். பீஸ் ரேட்டுல வேலை செய்யறவங்களுக்கு மெஷின் நின்ன ஒவ்வொரு நிமிஷமும் சனிக்கிழமைச் சம்பளத்துல குறையும், அதனால தொழிலாளியும் இதைக் கேக்க மாட்டார். முதலாளி மட்டும் கெட்டவர்னு சொல்லிட்டுப் போறது சுலபம். நிறுத்தறதுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலையை அங்க யாரும் கொடுக்கத் தயாரா இல்லங்கறதுதான் நான் பார்த்தது.

புது மெஷின்கள்ல மோட்டார் இன்வெர்ட்டர் டிரைவ்ல ஓடுது, பட்டன் இருந்த இடத்துல தொடுதிரை வந்துடுச்சு. ஆனா பல டிரைவ்கள்ல, கரண்ட் வந்ததும் தானா ஓடட்டுமா வேண்டாமாங்கறது செட்டிங் பக்கத்துல ஒரு தெரிவு. இரும்புக் கட்டையும் ஸ்பிரிங்கும் கேள்வி கேக்காம செஞ்சதை இப்ப ஒருத்தர் மெனுவுல போய்ப் பார்க்க வேண்டியிருக்கு. அதனாலதான் தொடுதிரை எவ்வளவு பெரிசா இருந்தாலும், பக்கத்துல அந்தச் சிவப்புக் காளான் மட்டும் இன்னும் நிஜப் பட்டனாவே இருக்கு.

எனக்கு டப்பாவைத் திறந்து காட்டின அந்த ஃபிட்டர், சிவப்பையும் நம்ப மாட்டார், காயிலையும் நம்ப மாட்டார். பெல்ட் மாத்தற வேலை, கியர் வேலைன்னா முதல்ல மெயின் போர்டுக்குப் போய் மூணு ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவார். மூணும் பீங்கான். பை தொங்கும். "அண்ணா, அங்கயே வைங்களேன், உடைஞ்சிரப் போகுது"ன்னு ஒரு தடவை சொன்னேன். "அங்க வைச்சா எவனாவது நல்லது பண்றேன்னு எடுத்து மாட்டிப் போடுவான் கண்ணு"ன்னுட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கிட்டே மெஷினுக்கு அடியில போனார்.